அண்ணாச்சியின் தூக்கம்

1909ஆம் ஆண்டு ‘மனம் போல வாழ்வு’ என்றொரு சிறு நூல் தமிழில் வெளிவந்தது. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் எழுதியதன் மொழிபெயர்ப்பு அது. எண்ணம் எப்படியோ வாழ்வும் அப்படியே, ஒருவனுடைய சூழ்நிலையை ஆக்குவதும் அழிப்பதும் அவனுடைய மனமே என்பது அதன் சாரம். மொழிபெயர்த்தவர் அப்போது சிறையில் இருந்தார். அவர்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் அவர் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்திருந்தார். 1906 அக்டோபர் 16. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. எதிரே நின்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். 1908இல் வ.உ.சி.க்குச் சிறைத் தண்டனை, 1911இல் கம்பெனி கலைப்பு, 1912 டிசம்பரில் விடுதலை. வெளியே வந்தவரை வரவேற்கக் கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. வீட்டில் இன்னொரு அடியும் விழுந்திருந்தது. அண்ணனுக்கு விதிக்கப்பட்ட தண்டனையைக் கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரத்தின் மனநிலை குலைந்தது. கடைசிவரை அவர் மீளவில்லை.

பிறகு சென்னையில் வ.உ.சி. சில்லறை வியாபாரம் செய்து பார்த்தார். அந்த ஆண்டுகளில்தான் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் என்னாயிற்று என்று காந்தியிடம் கடிதம் மேல் கடிதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 1916இல் ஒருவழியாக 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. வரவேண்டிய பாக்கிக்காக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் எந்தக் கடைக்காரருக்கும் அந்தக் கடிதங்களின் தொனி புரியும். 1936இல் இறக்குமுன் எழுதிய உயிலில் எண்ணெய்க் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் தர வேண்டிய பாக்கிகளைக்கூட அவர் விடாமல் குறித்து வைத்தார். இத்தனைக்கும் நடுவே ஆலனை மொழிபெயர்ப்பதை மட்டும் விடவில்லை. ‘அகமே புறம்’, ‘வலிமைக்கு மார்க்கம்’, ‘சாந்திக்கு மார்க்கம்’ என்று தொடர்ந்தது.

அந்த நூல்கள் அவரைத் தாங்கியிருக்கலாம். சிறையில் இருப்பவனுக்கு எது துணை என்று வெளியிலிருந்து நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் சுதேசிக் கம்பெனி முழுகியது வ.உ.சி.யின் எண்ணத்தில் இருந்த குறையால் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். அரசாங்கம், போட்டிக் கம்பெனி, சிறை, கைவிட்ட பங்குதாரர்கள் என்று காரணங்கள் கண்முன்னே கிடக்கின்றன. வ.உ.சி. விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நாம், இன்றைக்குக் கடை நொடித்த ஒருவரிடம் போனால் மட்டும் “மனசைத் திடமா வச்சுக்கோங்க அண்ணாச்சி” என்பதைத் தாண்டி எதுவும் சொல்வதில்லை. சிறுதொழில் செய்பவரின் மனநலம் பற்றி நடக்கும் பேச்சில் பெரும்பகுதி இந்த ஒரு வரியின் விரிவுரைதான். மூச்சுப் பயிற்சி செய், சீக்கிரம் எழு, நல்லதையே நினை. எல்லாம் சரிதான். ஆனால் அவருடைய கணக்குப் புத்தகத்தைத் திறக்காமல் மனத்தை மட்டும் தனியே எடுத்துப் பழுதுபார்க்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. முடியாது என்பது என் கட்சி.

முதலில் நாடு தழுவிய எண்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2020இல் இந்தியாவில் தொழில், வியாபாரம் செய்வோர் 11,716 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அதே ஆண்டு விவசாயத் துறையில் இந்த எண்ணிக்கை 10,677. அந்த 11,716இல் ‘வணிகர்’ என்று குறிக்கப்பட்டவர்கள் 4,356 பேர். முந்தைய ஆண்டில் அது 2,906. பெருந்தொற்று ஆண்டு என்பதை நினைவில் கொண்டாலும் ஒரே ஆண்டில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. விவசாயிகளின் சாவு தேர்தல் பேச்சு வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது, அது சேரவேண்டியதும்தான். கடைக்காரரின் சாவு உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு பத்தியோடு முடிகிறது. இந்த எண்களிலும் ஓர் ஓட்டை உண்டு. கருவாடு விற்கும் பெண்ணும் வீட்டில் பலகாரம் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் பெண்ணும் காவல்நிலையப் படிவத்தில் பெரும்பாலும் ‘இல்லத்தரசி’ ஆகிவிடுவார்கள். வாரத் தவணை கட்ட அவர்கள் குழுவாகக் கையெழுத்துப் போட்டிருப்பதும், ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் உட்காரவேண்டியிருப்பதும் எந்தக் கட்டத்திலும் பதிவாகாது.

சாவு என்பது கடைசி எல்லை. அதற்கு எவ்வளவோ முன்னால் தூங்காத இரவுகள் இருக்கின்றன. பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகளில் நூற்றுக்கு 85 பேர் வரை சிகிச்சை பெறவில்லை. தொழில் செய்வோரை மட்டும் தனியே பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவில், அதுவும் புதுத்தொழில் தொடங்கிய படித்த இளைஞர்களிடையே நடந்தவை. கலிபோர்னியாவின் மைக்கேல் ஃப்ரீமன் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 242 தொழில்முனைவோரில் 30 விழுக்காட்டினர் தமக்கு மனச்சோர்வு வந்ததுண்டு என்றார்கள். அதை வைத்து, துணிந்து தொழிலில் இறங்குகிறவர்களின் மனமே கொஞ்சம் வேறு அமைப்பு என்று ஒரு வாதம் உண்டு. தூத்துக்குடி முத்தையாபுரத்தில் டயர் கடை வைத்திருப்பவருக்கு அந்தச் சட்டை பொருந்தாது. அப்பா வைத்திருந்த கடை என்பதால் அவர் உட்கார்ந்திருக்கிறார். அல்லது வேறு வேலை கிடைக்காததால்.

பெரிய கம்பெனி முழுகினால் முழுகுவது கம்பெனி. தனியுரிமைக் கடை முழுகினால் ஆள் முழுகுகிறார். சட்டத்தின் கண்ணில் அவரும் கடையும் ஒன்றே. வங்கியில் வைத்திருப்பது வீட்டுப் பத்திரம், கழுத்திலிருந்து இறங்கியது மனைவியின் நகை, ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் மைத்துனர். கடை சரிந்தால் வீடு, மணவாழ்வு, சம்பந்தி வீட்டு மரியாதை மூன்றும் சேர்ந்தே சரியும். சம்பளக்காரருக்கு வேலை போனால் அது கெட்டகாலம். கடைக்காரருக்குக் கடை போனால் அது அவருடைய திறமைக்குக் கிடைத்த சான்றிதழ் என்று ஊர் எடுத்துக்கொள்ளும், அவரும் அப்படியே எடுத்துக்கொள்வார். அவருக்கு மருத்துவ விடுப்பு கிடையாது. அழுவதற்குத் தனியறையும் கிடையாது, கல்லாவுக்குப் பின்னால் நாற்காலிதான்.

தூத்துக்குடிக் கரையில் இதோடு பருவமும் சேர்ந்துகொள்கிறது. இங்கே பல தொழில்கள் ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம், தடை தேவைதான். மீனவக் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. ஆனால் ஒன்றிரண்டு படகு வைத்திருக்கும் சம்மாட்டிக்கு அந்த 61 நாளில்தான் பெரிய செலவு வரும். படகைக் கரையேற்றி மராமத்துப் பார்த்து, பெயின்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்து மாட்ட வேண்டும். அந்தப் பணத்தை ஏலக்காரரிடமோ கம்பெனி ஏஜென்டிடமோ முன்பணமாக வாங்குவார். வாங்கினால் பிடிக்கிற மீனை அவரிடமேதான் போடவேண்டும், அவர் சொல்வதே விலை. ஜூன் 15 அதிகாலையில் படகு கிளம்பும்போதே அந்த ஆண்டின் பாதி லாபம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. டீசலுக்குப் பணம் போட்டுப் போய், மீன்பாடு இல்லாமல் திரும்பினால் அன்றைக்கு எழுதுவதற்குக்கூட எதுவும் இல்லை.

உப்பு இன்னும் பொல்லாதது. ஏறத்தாழ 25,000 ஏக்கர் உப்பளம், ஆண்டுக்கு 25 லட்சம் டன் அளவில் விளைச்சல், குஜராத்துக்கு அடுத்த இடம் என்றெல்லாம் மாவட்டத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஏக்கர்களில் கணிசமானவை ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருக்கும் சிறு உற்பத்தியாளர்களுடையவை, பலர் குத்தகைக்காரர்கள். தை, மாசியில் பாத்தி கட்டி, வெயில் முற்ற முற்ற உப்பு வாரி, தட்டுமேட்டில் அம்பாரம் குவித்து, ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடி, விலை ஏறட்டும் என்று காத்திருப்பார்கள். வெயில் நன்றாக அடித்தால் விளைச்சல் பெருகி விலை விழும். கோடையில் மழை பெய்தால் விலை ஏறும், விற்க உப்பு இருக்காது. இரண்டு பக்கமும் இடி வாங்குகிற தொழில். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ உப்பளத் தொழிலாளியின் துயரத்தை 1979லேயே சொல்லிவிட்டது. அந்தத் தொழிலாளிக்குக் கூலி கொடுக்க சனிக்கிழமை மாலை பணம் புரட்ட ஓடும் சின்ன அளத்துக்காரர் இலக்கியத்துக்குள் அவ்வளவாக வரவில்லை. அவர் சுரண்டுகிறவராகவும் இருக்கக்கூடும், நசுங்குகிறவராகவும் இருக்கக்கூடும். ஒரே ஆள் இரண்டுமாக இருப்பதே சிறுதொழிலின் இயல்பு. தான் நசுங்குவதை அவர் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போவதற்கும் அது ஒரு காரணம்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் வண்டியோடு பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள், செய்தியெல்லாம் அதைப் பற்றியே இருந்தது. தட்டுமேட்டில் இருந்த உப்பு கரைந்தது. பலசரக்குக் கடைகளில் அரிசி மூட்டை ஊறி நாறியது. நனைந்த சரக்கைக் குப்பைக்கு அனுப்பிய கையோடு, அதே சரக்கை அனுப்பிய மொத்த வியாபாரிக்குப் பணமும் கொடுக்கவேண்டியிருந்தது. வெள்ளத்துக்கு அடுத்த வாரம் மருத்துவ முகாம்கள் நடந்தன, காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பார்த்தார்கள். கடன் தவணையின் நெருக்கடி ஆறு மாதம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அப்போது எந்த முகாமும் இருக்காது.

பெருந்தொற்றின் முதல் ஊரடங்கை நினைத்தால் வேறொரு பயமும் இந்த மாவட்டத்துக்கு நினைவு வரும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், அனுமதித்த நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லி போலீஸார் அழைத்துப் போன கைப்பேசிக் கடைக்காரரும் அவருடைய தந்தையும் உயிரோடு திரும்பவில்லை. மாநிலம் முழுவதும் வணிகர்கள் கடையடைத்தார்கள். அதிகாரிகள் வந்து நின்றால் நெஞ்சு அடைக்கும் உணர்வு இங்கே பல கடைக்காரர்களுக்குக் கற்பனை அல்ல.

இப்படி நிச்சயமின்மையோடு வாழ்வது இந்தக் கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்பைவிட நிச்சயமற்ற தொழில் உலகில் உண்டா? மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் சிப்பி விளைவது சில ஆண்டுகள், பிறகு பல பத்தாண்டுகள் ஒன்றுமிராது. 1955 முதல் 1961 வரை நடந்ததே தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. எடுத்த சிப்பியில் குளியாளுக்குப் பங்கு, மீதி அரசுக்கு. அரசு தன் பங்கை ஆயிரக்கணக்கில் ஏலம் விடும். திறக்காத சிப்பிக்கு விலை சொல்லி வாங்கிய வியாபாரி பணக்காரனும் ஆகலாம், ஓட்டாண்டியும் ஆகலாம். ஆனால் அந்தத் தொழிலில் நம்மை நின்று யோசிக்க வைக்கிற ஓர் ஏற்பாடு இருந்தது. சுறாவுக்குப் பயந்து குளியாட்கள் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால், மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர் ஒருவர் கரையில் இருப்பார். கடல்கட்டி என்று அவருக்குப் பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரர்களுக்குப் போனதாக எழுதினார். மந்திரத்தை நம்பாத ஆங்கிலேய அரசும் அவரை வைத்துக்கொண்டது, படியும் அளந்தது. அவர் இல்லாவிட்டால் ஒரு படகும் நகராது என்று அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது.

மந்திரம் பலித்ததா என்பது வேறு விஷயம். பயம் என்பது குளியாளின் தனிப்பட்ட பலவீனம் இல்லை, தொழிலின் செலவுகளில் ஒன்று என்று யாரோ கணக்கில் எழுதியிருந்தார்கள். கயிற்றுக்கும் கல்லுக்கும் காசு ஒதுக்கியதுபோல் பயத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. இன்றைய தொழில் கடனுக்கான திட்ட அறிக்கையில் தேய்மானத்துக்குக் கட்டம் இருக்கிறது, மின்சாரத்துக்குக் கட்டம் இருக்கிறது. அந்த ஒரு பங்குக்கு மட்டும் கட்டம் இல்லை.

நட்டத்தைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடுகளும் இருந்தன. மீன்பிடியில் இன்றும் செலவு போகக் கிடைத்ததைப் படகுக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பதால் வெறுங்கையோடு திரும்பிய நாளின் சுமை ஒருவர் தலையில் மட்டும் விழாது. நாடார் வணிகர்கள் ஒவ்வொரு வியாபாரத்திலும் சிறு தொகையை மகமையாக எடுத்து வைத்துப் பேட்டையும் கிணறும் பள்ளியும் கட்டினார்கள். விருதுநகரின் க்ஷத்திரிய வித்யாசாலை 1885இல் அப்படி எழுந்தது. வெளி வங்கிகள் எளிதில் கடன் தராத காலத்தில் 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது, 1962 முதல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. காயல்பட்டினத்தில் ஜமாஅத்தும் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களின் நல மன்றங்களும் இப்படி ஒரு தாங்கு கயிறு. கடற்கரை ஊர்களில் பங்குத்தந்தையிடம் போய்க் கடன் விவகாரத்தைச் சொல்லி ஊர்க் கமிட்டியைக் கூட்டுவது இன்றும் நடக்கிறது.

இந்த அமைப்புகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது எளிது. நானும் விட்டிருப்பேன், அவற்றின் மறுபக்கம் தெரியாவிட்டால். கைதூக்கிவிடும் அதே உறவின்முறைதான் விழுந்தவனை அளந்து பார்ப்பதும். கல்யாண வீட்டில் எந்த வரிசையில் உட்கார வைக்கிறார்கள், நன்கொடைப் பலகையில் பெயர் எத்தனையாவது இடம், பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு இந்த ஆண்டு எவ்வளவு எழுதினார் என்பதெல்லாம் ஊர் படிக்கிற ஐந்தொகைதான். ஜோ டி குரூஸ் ‘கொற்கை’யில் தூத்துக்குடித் தோணி உரிமையாளர்களின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும்போது, சொத்து போவதைவிட அந்த இடம் போவது எப்படி அறுக்கிறது என்பதைக் காணலாம்.

கடனுக்கும் மனத்துக்கும் உள்ள உறவைச் சொல்ல உலகம் சுற்றவேண்டாம். 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்ட ஆய்வு விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்தது. 464 கரும்பு விவசாயிகள். வெட்டுக்கு முன், கையில் காசில்லாத நாட்களில் ஒருமுறை, வெட்டு முடிந்து பணம் வந்தபின் ஒருமுறை என்று அதே ஆட்களுக்கு அதே மாதிரிப் புதிர்களைக் கொடுத்தார்கள். காசில்லாத நாட்களில் மதிப்பெண் தெளிவாகக் குறைந்தது. ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை, நாற்காலி மாறவில்லை. பணக்கவலை மூளையின் இடத்தை அடைத்துக்கொண்டதே வித்தியாசம். நொடிக்கும் நிலையில் உள்ள கடைக்காரர் ஏன் மேலும் மேலும் தப்பான முடிவு எடுக்கிறார், ஏன் பத்து வட்டிக்கு வாங்கி ஐந்து வட்டியை அடைக்கிறார் என்று ஊர் வியக்கும். வியக்க ஒன்றுமில்லை. முடிவெடுக்கிற கருவியே அந்த நேரத்தில் கடனுக்கு அடகு போயிருக்கிறது.

சிங்கப்பூரில் 2019இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதற்கு மறுபாதி. ஒரு தொண்டு நிறுவனம் ஏழைக் குடும்பங்களின் நாட்பட்ட கடன்களை 5,000 சிங்கப்பூர் டாலர் வரை அடைத்துக் கொடுத்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது பதற்றம் குறைந்திருந்தது, சிந்தனையும் தெளிந்திருந்தது. எவ்வளவு தொகை அடைந்தது என்பதைவிட எத்தனை கணக்குகள் மூடப்பட்டன என்பதே பெரிதாக இருந்தது என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. வங்கியில் ஒன்று, நகைக்கடனில் ஒன்று, தண்டல் ஒன்று, மொத்த வியாபாரியிடம் ஒன்று, சீட்டு எடுத்ததில் ஒன்று, கைப்பேசிச் செயலியில் இரண்டு என்று ஏழு பக்கம் சிதறிக் கிடக்கும் மூன்று லட்சம், ஒரே இடத்தில் இருக்கும் ஐந்து லட்சத்தைவிடத் தூக்கத்தைக் கெடுக்கும். ஆகவே மனச்சோர்வோடு வரும் வியாபாரிக்குத் தரவேண்டிய முதல் உதவிகளில் ஒன்று, அவரோடு உட்கார்ந்து எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதி, எவற்றை ஒன்றாக்கலாம், எதை முதலில் மூடலாம் என்று பார்ப்பது. மனநல மருத்துவருக்கு அதற்கு நேரமில்லை. வங்கி மேலாளருக்கு மனமிருந்தாலும் அது அவருடைய இலக்குப் பட்டியலில் இல்லை.

சட்டம் என்ன செய்கிறது? மீட்டர் வட்டி, ஸ்பீடு வட்டி, கந்துவட்டிக்கு எதிராக 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றி மனு மேல் மனு கொடுத்துப் பார்த்த கூலித் தொழிலாளி ஒருவரின் குடும்பத்தில் நால்வரும் உயிரை விட்டபோதுதான் அந்தச் சட்டம் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்று தெரிந்தது. கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டம் வந்திருக்கிறது. வரவேண்டிய பணத்துக்கும் சட்டம் உண்டு. சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் வாங்கி விற்கும் கடைக்காரர்களை 2021இல் சிறுதொழில் பட்டியலில் சேர்த்தபோது முன்னுரிமைக் கடனுக்காக மட்டும் சேர்த்தார்கள். இந்தப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களும் வழக்குப் போடுவதில்லை, போட்டால் அடுத்த ஆர்டர் வராது. கௌரவமாகத் தோற்பதற்கும் வழி குறுகலே. 2016இன் திவால் சட்டம் கம்பெனிகளுக்குத் திறந்த கதவைத் தனியாள் கடைக்காரருக்கு இன்னும் திறக்கவில்லை. மஞ்சள் கடுதாசி, அதாவது திவால் மனு (ஐ.பி.), கொடுக்க வேண்டுமானால் அவர் 1920ஆம் ஆண்டுச் சட்டத்திடம்தான் போக வேண்டும். கடனிலிருந்து முறையாக வெளியேற வாசல் இல்லாத இடத்தில், மனிதர்கள் வேறு வாசல் தேடுகிறார்கள்.

மருத்துவ உதவி இல்லாமல் இல்லை. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் தமிழிலேயே பேசலாம், எந்நேரமும், கட்டணமின்றி. 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் சினேகா அமைப்பு தற்கொலை எண்ணம் வந்தவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது, மருத்துவக் காப்பீட்டில் மனநோயை உடல்நோய்க்கு இணையாக வைக்கச் சொல்கிறது.

இருந்தும் அண்ணாச்சி அங்கே போவதில்லை. அவருக்கு வந்திருப்பது மனநோய் என்று அவர் நினைப்பதில்லை. அவருக்கு நெஞ்சு படபடப்பு, வயிற்றெரிச்சல், சர்க்கரை ஏறுகிறது, கோபம் வருகிறது. இசிஜி எடுத்துப் பார்ப்பார், ஒன்றுமில்லை என்பார்கள், அது இன்னும் பயமாக இருக்கும். இரவு கடையை அடைத்துவிட்டு டாஸ்மாக் போனால் இரண்டு மணிநேரம் தூக்கம் வரும். வியாபாரம் படுத்ததற்குக் கண்ணேறு, செய்வினை என்று யாராவது சொல்வார்கள். திருச்செந்தூர், உவரி, மணப்பாடு, ஏர்வாடி என்று சுற்றுவார். இதை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. “உன் தப்பு இல்லை, யாரோ வைத்தது” என்று சொல்லும் பூசாரி, “உன் எண்ணம் சரியில்லை” என்று சொல்லும் தன்னம்பிக்கைப் பேச்சாளரைவிட அந்த மனிதருக்கு ஒருவகையில் நல்லதே செய்கிறார். ஆனால் கோயிலோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதும் இந்தக் கரைக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகு தர்காவிலேயே மனநல மருத்துவரும் உட்காரும் ஏற்பாடு வந்தது. வேண்டுதலும் மாத்திரையும் ஒரே இடத்தில். ஜனங்கள் எங்கே ஏற்கெனவே போகிறார்களோ அங்கே போய் உட்காருவதே வழி என்பதற்கு நம் பக்கத்து உதாரணம் அது. பெரிய பட்டம் பெற்றவர்தான் உட்கார வேண்டும் என்பதும் இல்லை. கோவாவில் விக்ரம் படேலின் குழு பயிற்சி கொடுத்த உள்ளூர் ஆலோசகர்கள், ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கடும் மனச்சோர்வைக் குறைக்க முடிந்ததை 2017இல் ‘லான்செட்’ வெளியிட்டது.

அப்படியானால் வியாபாரி எங்கே ஏற்கெனவே போகிறார்? இந்தக் கேள்விக்கு வேறு இரண்டு ஊர்கள் விடை தேடியிருக்கின்றன. ஜப்பானின் அகிதா பல ஆண்டுகள் அந்நாட்டிலேயே தற்கொலை விகிதம் மிக அதிகமான மாகாணமாக இருந்தது. அங்கே சாட்டோ ஹிசாவோ என்பவரின் நிறுவனம் 2000இல் நொடித்தது. தன்னைப்போல் நொடித்த இன்னொரு தொழில் நண்பரை இழந்தபின், 2002இல் ‘சிலந்தி நூல்’ என்று பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். திவாலின் விளிம்பில் இருக்கும் சிறு முதலாளிகள் அங்கே வந்து மணிக்கணக்கில் பேசுவார்கள், கடன் தாள்களையும் விரித்து வைப்பார்கள். ஆறுதலும் கணக்கும் அந்த மேசையில் பிரிவதில்லை. பிரான்சில் சேந்த் என்ற சிறு நகரின் வணிக நீதிமன்றப் பதிவாளர் மார்க் பினியே, தன் முன்னால் நிற்கும் நொடித்த வியாபாரிகளின் முகத்தில் தெரிவதைத் தாங்கமாட்டாமல், உளவியலாளர் ஒருவரோடு சேர்ந்து 2013இல் ‘அபேசா’ என்ற ஏற்பாட்டைச் செய்தார். நீதிமன்ற எழுத்தர், கணக்காளர் போன்றோருக்கு அறிகுறிகளைக் கண்டுகொள்ளப் பயிற்சி தரப்படும். ஆபத்து தெரிந்தால், அந்த நபரின் சம்மதத்தோடு தகவல் அனுப்புவார்கள். உளவியலாளரே கூப்பிடுவார். சில அமர்வுகள் இலவசம். அது பிறகு நாட்டின் பிற பகுதிகளுக்கும் பரவியது.

தூத்துக்குடியில் அந்த எழுத்தரின் இடத்தில் இருப்பவர் ஆடிட்டர். அல்லது வரி ஆலோசகர் என்று பலகை வைத்திருக்கும் கணக்கர். ஜி.எஸ்.டி. தாக்கல் தேதி நெருங்கும்போது சின்ன வியாபாரியும் அவரிடம் பில்களோடு வந்தே ஆகவேண்டும். விற்பனை மூன்று மாதமாக இறங்குவதும், கொள்முதல் பாக்கி ஏறுவதும், வரிப்பணத்தையே எடுத்துத் தண்டலுக்குக் கொடுத்திருப்பதும் மனைவிக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரியும். ஏலக்கூடத்தில் முன்பணக் கணக்கு எழுதுபவர், கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் கவுன்டரில் இருப்பவர், வணிகர் சங்கப் பேரமைப்பின் கிளைச் செயலாளர் ஆகியோரும் இப்படி முன்கூட்டியே பார்க்கிறவர்கள். இவர்களில் நூறு பேருக்கு இரண்டு நாள் பயிற்சி தர அரசு மருத்துவக் கல்லூரியால் முடியும், பெரிய செலவில்லை. மே 5 வணிகர் தின மேடைகளில் கோரிக்கைப் பட்டியல் வாசிக்கிறார்கள். வணிகர் நல வாரியம் இறந்த வணிகரின் குடும்பத்துக்கு உதவித்தொகை தருகிறது. இறக்குமுன் ஒரு மணிநேரம் பேச ஆள் வேண்டும் என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

ஒரே ஒரு சிக்கல், அது சின்னதும் இல்லை. இது சின்ன ஊர். ஒருவர் கஷ்டத்தில் இருக்கிறார் என்று சங்கத்தில் ஒருவர் காதில் விழுந்தால் மறுநாள் விடியுமுன் மொத்தக் கடை வீதிக்கும் தெரியும். “ஐ.பி. கொடுக்கப் போறாராம்” என்ற பேச்சு கிளம்பினால் போதும். கடனுக்குச் சரக்குப் போடுபவர் நிறுத்துவார், சீட்டுக்காரர் வாசலுக்கு வருவார், ஆறு மாதத்தில் மீண்டிருக்கக்கூடிய கடை ஆறு நாளில் படுக்கும். அண்ணாச்சி வாய் திறக்காமல் இருப்பது அறியாமையால் மட்டும் அல்ல, வியாபாரக் கணக்காகவும்தான். ஆகவே கண்டுகொள்பவர் உள்ளூர் ஆளாக இருக்கலாம், கேட்பவர் அப்படி இருக்கக்கூடாது. சங்கக் கட்டடத்தில் ஆலோசனை அறை திறந்தால் அதன் படியேறுவதை நாலு பேர் பார்ப்பார்கள். வேறு மாவட்டத்திலிருந்து தொலைபேசியில் பேசும் ஆலோசகரும், தொழில் ரகசியம் காக்க எழுத்தில் கட்டுப்பட்ட ஆடிட்டரும், மதுரையிலோ நாகர்கோவிலிலோ உட்கார்ந்து கடன் தாளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஓய்வுபெற்ற வங்கி அலுவலரும் சேர்ந்த ஏற்பாடுதான் இந்த ஊரில் நடக்கும். முதல் இரண்டு பேர் இப்போதே இருக்கிறார்கள். மூன்றாமவரை நியமிக்க வேண்டியது யார் என்பதில் சுகாதாரத் துறையும் தொழில் துறையும் இன்னும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளவில்லை.